யார் கண்ணை உறுத்துகிறது?

டை கிளிப் மாட்டுவதற்கு நான்கு விதிகள் உண்டு. ஒன்று, கிளிப் டையைவிட நீளமாக இருக்கக் கூடாது. டையின் அகலத்தில் முக்கால் பங்கு வந்தால் சரி. இரண்டு, சட்டையின் மூன்றாவது பட்டனுக்கும் நான்காவது பட்டனுக்கும் நடுவில் மாட்ட வேண்டும். மூன்று, டையை மட்டும் கவ்வினால் போதாது, பின்னால் இருக்கும் சட்டையின் பட்டன் பட்டியையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். இல்லாவிட்டால் அது சும்மா ஒரு தகடு, காற்றடித்தால் டையோடு சேர்ந்து தோளுக்குப் பறக்கும். நான்கு, கிளிப், வாட்ச், பெல்ட் பக்கிள் மூன்றும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளி என்றால் வெள்ளி, தங்கம் என்றால் தங்கம்.

நான்குமே நல்ல விதிகள். ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம், காரணமும் சொல்லிவிடலாம். எனக்கு அவற்றோடு சண்டை இல்லை. என் சண்டை ஐந்தாவது விதியோடு. ஆண்களுக்கு ஸ்டைல் சொல்லித்தரும் ஒவ்வொரு தமிழ் வீடியோவும் கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி அதைச் சொல்கிறது: “எது போட்டாலும் பரவாயில்லை பாஸ், கண்ணை உறுத்தக் கூடாது.”

இதை எந்த ஸ்கேலால் அளப்பது? யார் கண் என்று வீடியோ சொல்வதில்லை. எல்லாருக்கும் ஒரே கண்தான் என்பதுபோலப் பேசிவிட்டு, லைக் போடச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நான் தருமபுரி பக்கத்து ஆள். ஊருக்குள் வீடு இல்லை, காலனியில் வீடு. எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் ரொம்பத் துல்லியமாக, பல தலைமுறைகளாக, எழுதாமலேயே எல்லாருக்கும் தெரியும்.

*

இப்போது ‘ஓல்ட் மணி லுக்’ என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. லோகோ தெரியாத சட்டை, மெல்லிய லெதர் ஸ்ட்ராப் வைத்த பழைய வாட்ச், கஃப்லிங்க், தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்ததுபோன்ற டை பின். எங்கள் அலுவலகத்தில் இருபத்தைந்து வயதுப் பையன்கள்கூட இதில் தீவிரமாக இருக்கிறார்கள். புதுப் பணக்காரன் பளபளப்பான், பழைய பணக்காரன் அமைதியாக இருப்பான் என்பது இதன் தத்துவம்.

பழைய பணம் என்றால் யாருடைய பழைய பணம்? என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தன் தாத்தாவின் டை பின்னை மாட்டிக்கொண்டு வந்தார். தாத்தா பிரிட்டிஷ் காலத்தில் ரெவின்யூ உத்தியோகம். அழகான பின், சின்ன முத்து வைத்தது. “உங்க தாத்தாவோடது ஏதாவது இருக்கா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. எங்கள் தாத்தா விட்டுப்போனது ஒரு மண்வெட்டி, ஒரு கம்பளி. அவர் சட்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. போட்டோவில்கூடத் துண்டுதான்.

வின்டேஜ் என்ற சொல்லுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. உன் முன்னோர் ஒரு காலத்தில் அதை வாங்கியிருக்க வேண்டும், போட அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும், பிறகு பெட்டியில் வைத்துப் பூட்டுமளவுக்கு நிலையான வீடு இருந்திருக்க வேண்டும். மூன்றும் இருந்தவனுக்குப் பழசு என்பது ரசனை. இல்லாதவன் கடையில் போய் மற்றவனுடைய தாத்தாவை விலைக்கு வாங்க வேண்டும்.

*

பொய் சொல்லக் கூடாது, எனக்கும் ஒரு வின்டேஜ் இருக்கிறது. அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எச்.எம்.டி. என்பது அரசு நிறுவனம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கினார்கள். பேட்டரி கிடையாது, தினமும் சாவி கொடுக்க வேண்டும். வெள்ளை டயல், பதினேழு ஜுவல், பெயரே ஜனதா, அதாவது மக்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்குப் போடும் வாட்ச் என்றால் ரொம்ப காலம் எச்.எம்.டி.தான். 2016-இல் மத்திய அரசு அந்த வாட்ச் கம்பெனியை மூட முடிவெடுத்தது. அதன் பிறகு பழைய எச்.எம்.டி.களைத் தேடி வாங்குவது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பச்சை, ஆரஞ்சு டயல்களில் நிறைய மறுபடி பெயின்ட் அடித்தவை. எழுத்தின் விளிம்பு பிசிறடித்திருந்தால், நிமிடக் கோடுகள் நேராக இல்லாவிட்டால், ஒதுங்கிவிடுங்கள்.

அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்தார். 1980-களின் நடுவில், கல்யாணத்துக்கு முன்பு, கூலியை மிச்சம்பிடித்து அந்த வாட்சை வாங்கினார். அவர் போன பிறகு அது நின்றுகிடந்தது. மூன்று வருடங்களுக்கு முன் பெங்களூர் அவென்யூ ரோடு பக்கம் ஒரு பழைய வாட்ச் ரிப்பேர் கடையில் கொடுத்தேன். கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மின்ட் கண்டிஷன் சார். கண்ணாடில ஒரு கீறல் இல்ல. ஸ்ட்ராப்கூட அப்பிடியே இருக்கு. உங்க அப்பா எவ்ளோ பத்திரமா வெச்சிருந்திருக்கார் பாருங்க” என்றார். நல்ல விலையும் சொன்னார்.

நான் தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவரிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன். அந்த வாட்சில் கீறல் இல்லாததற்குக் காரணம் அப்பாவின் பத்திரம் இல்லை. அவர் அதை வேலையில் கட்ட முடியாது, சிமென்ட். ஊருக்கு வரும்போதுதான் கட்டுவார். பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வரும் வழி முழுக்க கையில் இருக்கும். எங்கள் ஸ்டாப்பில் இறங்கியதும் கழற்றி மடியில் செருகிக்கொள்வார். ஸ்டாப்பிலிருந்து காலனிக்குப் போக ஊர்த் தெருவைத் தாண்ட வேண்டும். காலனிக்குள் வந்த பிறகு மறுபடி கட்டிக்கொள்வார். சில நாள் கட்ட மறந்தும் போவார்.

கல்லூரி படிக்கும்போது ஒரு நாள் கேட்டேன். “யாராவது கட்டக் கூடாதுன்னு சொன்னாங்களாப்பா?”

“சொல்லணுமாடா?” என்றார்.

மின்ட் கண்டிஷன் என்பதற்கு அர்த்தம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது.

*

இதெல்லாம் ஒரு குடும்பத்தின் கூச்சம், இதை வைத்துக் கோட்பாடு பேசாதே என்று ஒரு நண்பர் சொன்னார். சரி, ஆவணத்துக்குப் போவோம்.

1930-இல் லண்டனில் ஜே.சி. ஃப்ளூகல் என்ற உளவியலாளர் உடைகளின் உளவியல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஆண்கள் ஃபேஷன் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் நூல். அதில் ஒரு கருத்து: பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய ஆண்கள் பட்டையும் சரிகையையும் நிறங்களையும் நகைகளையும் பெண்களிடம் விட்டுவிட்டு, அடக்கமான இருண்ட கோட்டுக்குள் போய்விட்டார்கள். அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஆண்களின் மாபெரும் துறவு’. டை பின், கஃப்லிங்க், வாட்ச் செயின், இருபதாம் நூற்றாண்டில் டை கிளிப் எல்லாமே அந்தத் துறவில் மிச்சம்வைத்த சின்னச் சின்ன ஜன்னல்கள். ‘கண்ணை உறுத்தாதே’ என்பது அந்தத் துறவியின் தர்மம். துறக்க வேண்டுமென்றால் முதலில் கையில் இருக்க வேண்டும், அதுதான் விஷயம்.

அதே 1930, டிசம்பர் மாதம். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் போகக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. கிராப் வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்கள் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது.

இதைவிடத் துல்லியமான ஆண்கள் ஸ்டைல் கைடு தமிழ்நாட்டில் இதுவரை வந்ததில்லை. அளவு இருக்கிறது, முழங்கால், இடுப்பு என்று. உலோகம் இருக்கிறது. தலைமுடி இருக்கிறது. அணிகலன் இருக்கிறது, குடை வரைக்கும். மீறினால் என்ன என்பதும் இருந்தது. குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடுமாடுகளைக் கொள்ளையடித்தார்கள் என்று ஹட்டன் எழுதுகிறார். அடுத்த வருடம் ஜூனில் தடைகள் பதினொன்றாகின.

லண்டனில் ஆண்கள் நகையைத் துறந்த கதை புத்தகமாக வந்த வருடத்தில், நம் ஊரில் ஆண்களிடமிருந்து பனியனைப் பறிப்பதற்குச் சட்டம் போட்டார்கள். இரண்டு கதைகளையும் ஒரே ‘எளிமை’ என்ற சொல்லில் போட்டு மூடுவது அயோக்கியத்தனம்.

*

அது தொண்ணூறு வருடத்துக்கும் முந்தைய ராமநாதபுரம். நான் தருமபுரிக்கு வருகிறேன்.

2012 நவம்பர் 7. ஒரு தலித் இளைஞனும் வேறு சாதிப் பெண்ணும் செய்துகொண்ட காதல் திருமணம். பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்ட அன்று, நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் புகுந்து 200-க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தார்கள். தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. எரிந்த வீடுகளில் பல, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்ச் சம்பாதித்துக் கட்டியவை. நகைகள் கொள்ளை போயின, டூ-வீலர்கள் எரிந்தன. மணமகன் 2013 ஜூலை 4 அன்று தருமபுரி ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தான். அவன் பெயரை நான் எழுத வேண்டியதில்லை, உங்கள் எல்லாருக்கும் தெரியும்.

எரிப்பு நடந்த அடுத்த சில வாரங்களில் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசியது நாளிதழ்களில் பரவலாக வந்தது. தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்பது அதன் சாரம். காதல் நாடகம் என்ற சொல்லும் அப்போதுதான் ஊரெங்கும் புழங்கியது.

அதை அன்று பலரும் கண்டித்தார்கள். சிலர் சிரித்தார்கள், மீம் போட்டார்கள். நான் அந்த மூன்று பொருட்களையே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். ஜீன்ஸ் புரிகிறது, வேலைக்குப் போய்ச் சம்பாதித்தவனின் உடை. டி-ஷர்ட் புரிகிறது. கூலிங்கிளாஸ் ஏன்? இருநூறு ரூபாய்க்கு பஸ் ஸ்டாண்டில் விற்கும் ஒரு பிளாஸ்டிக் சாமானைப் பார்த்து ஒரு பெரிய அரசியல் தலைவருக்கு ஏன் கோபம் வர வேண்டும்?

எனக்குத் தோன்றுவது இது. எதிரே பெரியவர்கள் வந்தால் கண்ணைத் தாழ்த்த வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லாமல் சொல்லிக்கொடுத்த பாடம். கூலிங்கிளாஸ் போட்டவன் எங்கே பார்க்கிறான் என்று தெரியாது. தாழ்த்தியிருக்கிறானா, நேராகப் பார்க்கிறானா என்று சோதிக்க முடியாது. அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் அவன் உங்களைச் சரிசமமாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். உறுத்தல் அங்கேதான் தொடங்குகிறது. மாட்டியவன் கண்ணில் இல்லை, பார்க்கிறவன் கண்ணில்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, பெங்களூரில் முதல் வேலை. 2013 பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது அம்மா போன் செய்தார். “சாமி, அந்தக் கருப்புக் கண்ணாடிய பையில வெச்சுக்க. வீட்டுக்கு வந்து போட்டுக்கலாம்.” பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் கழற்றினேன். அப்பா மடியில் செருகினார், நான் லேப்டாப் பையில் செருகினேன். அவ்வளவுதான் ஒரு தலைமுறை வளர்ச்சி.

*

இனி நம்மைப் பற்றி. இந்த மாதிரி இதழ்களைப் படிக்கிற, எழுதுகிற நம்மைப் பற்றி.

அம்பேத்கரின் கோட்டை நாம் எல்லாருமே புரிந்துகொண்டுவிட்டோம். 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி சட்டையைத் துறந்ததையும் அம்பேத்கர் மூன்று துணி கோட்டு சூட்டில் நின்றதையும் பக்கத்தில் வைத்துப் பேசத் தெரியும். 2016-இல் ‘கபாலி’ வந்தபோது கோட்டு பற்றிய வசனத்துக்கு விசிலடித்தோம், பிறகு கட்டுரை எழுதினோம். எங்கள் காலனி முனையில் அம்பேத்கர் சிலை இருக்கிறது. நீலக் கோட்டு, சிவப்பு டை, கையில் புத்தகம், சுற்றிலும் இரும்புக் கூண்டு. நான் வாழ்க்கையில் முதலில் பார்த்த டை அதுதான், கம்பிகளுக்குப் பின்னால் இருந்தது.

அந்த டையை மதிக்கும் அதே நண்பர்கள்தான், செம்பட்டை சாயம் அடித்த முடியும் கழுத்தில் கவரிங் செயினும் பளபளக்கும் சட்டையுமாக ஒரு பையன் பைக்கில் போனால் “புள்ளிங்கோ” என்று சிரிக்கிறார்கள். அந்தப் பையனின் படம்தான் மீமில் வரும். “ஓவரா இல்ல?” “ரசனையே இல்லப்பா.” “கொஞ்சம் சிம்பிளா இருக்கலாம்ல.” சாதி பற்றி ஒரு வார்த்தை வராது. ஆனால் யாரைப் பார்த்து வருகிறது என்று கவனியுங்கள். நகைக்கடை அதிபர் பத்து விரலில் மோதிரம் போட்டால் அது பந்தா, ஐயா என்று கும்பிடுவோம். கல்யாண வீட்டில் ஊர்ப் பெரியவர் புலிநகச் செயின் போட்டுக்கொண்டு வந்தால் அது பாரம்பரியம். அதே அளவு பளபளப்பு காலனிப் பையன் கழுத்தில் இருந்தால் அது ரசனைக் குறைவு.

கட்டளை ரசனையாக மாறிவிட்டது. 1930-இல் அதற்குத் தீப்பந்தம் வேண்டியிருந்தது, 2012-இலும் வேண்டியிருந்தது. நமக்கு ஒரு சிரிப்பு எமோஜி போதும். மேடையில் கூலிங்கிளாஸைத் திட்டியவரை நான் எதிர்க்கிறேன். ஆனால் அவர் நேரடியாகச் சொன்னார். நாம் ‘க்ளாஸி’ என்ற சொல்லால் சுற்றிவளைத்துச் சொல்கிறோம். அந்தச் சொல்லின் தலையிலேயே வர்க்கம் உட்கார்ந்திருக்கிறது, அது வெறும் அழகியல் என்று ஒருவரையொருவர் நம்பவைக்கிறோம்.

அம்பேத்கரின் கோட்டு நம் கண்ணுக்குப் பழகிவிட்டது, அதனால் மரியாதை கொடுக்கிறோம். பழகாத பளபளப்புக்கும் மரியாதை கொடுக்க முடிகிறதா என்பதுதான் பரீட்சை. நாம் ஃபெயில்.

*

மறுப்புகள் வரும். நண்பர்கள் நேரில் சொன்னவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

டை என்பது வெள்ளைக்காரன் கழுத்தில் மாட்டிவிட்ட கயிறு, அதற்கு ஏன் வக்காலத்து என்றார் ஒருவர். அவர் பேன்ட் போட்டுக்கொண்டுதான் இதைச் சொன்னார். தருமபுரி வெயிலில் டை கட்டுவது முட்டாள்தனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கத் தனியார் பள்ளிகளில் நான்கு வயதுக் குழந்தைக்கு மார்ச் மாதத்தில் எலாஸ்டிக் டை மாட்டி வேனில் அடைக்கிறார்கள். அது உண்மையிலேயே கண்ணை உறுத்துகிறது, ஆனால் யாரும் அதை ரசனைக் குறைவு என்று சொல்லிக் கேட்டதில்லை. ஆண் அலங்காரமே அந்நியம் என்று சொல்ல வந்தால், தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகற்களைப் பாருங்கள். ஆநிரை மீட்டு விழுந்த வீரன் கொண்டையும் காதணியும் இடுப்பில் குறுவாளுமாக நிற்கிறான். இந்தப் பகுதியின் பல கற்களில் காலருகே கெண்டியும் சிமிழும் செதுக்கியிருப்பார்கள். சாகப்போகிறவனுக்கு சிமிழ் எதற்கு என்று அந்தச் சிற்பி கேட்கவில்லை.

இது நுகர்வு மோகம், கம்பெனிக்காரன் விரித்த வலை என்றார் இன்னொருவர். பாதி உண்மை. கடன் வாங்கி வாட்ச் வாங்காதே என்று நானும் தம்பிகளிடம் சொல்கிறேன். ஆனால் இந்த உபதேசம் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். என் அலுவலகத்தில் முப்பதாயிரம் ரூபாய் ஷூ வாங்கியவனிடம் யாரும் முதலாளித்துவம் பேசுவதில்லை. சென்ட்ரிங் வேலை செய்யும் பையன் மூவாயிரத்துக்கு வாட்ச் வாங்கினால் உடனே எல்லாரும் மார்க்ஸைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அழகில் நல்லது கெட்டது என்று எதுவுமே இல்லையா, எல்லாம் சமமா என்றார் மூன்றாமவர். இது நியாயமான கேள்வி. இருக்கிறது. முதல் நான்கு விதிகள் அதற்குத்தான். ஸ்பிரிங் வைத்த கிளிப் தடிமனான டையைப் பிடிக்கும். மெல்லிய பட்டு டைக்குச் செருகும் வகை நல்லது, பல்லின் தடம் விழாது. பழைய முலாம் பூசிய கிளிப் வாங்கும்போது விளிம்பையும் மூலைகளையும் பாருங்கள், முலாம் போய்ப் பித்தளை தெரியும். இவை கைவேலையின் அறிவு. யார் கேட்டாலும் சொல்லலாம், யாரும் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்டவனைப் பார்த்து ஐந்தாவது விதி எழுந்து வந்து, எல்லாம் சரி, ஆனால் உனக்கு ஒட்டவில்லை என்று சொல்லும். அறிவு அந்த இடத்தில் முடிந்து அதிகாரம் தொடங்குகிறது.

*

இவ்வளவு பேசுகிறவன் யோக்கியமா என்று கேட்டால், இல்லை.

இரண்டு வருடம் முன்பு சித்தப்பா மகன் பெங்களூரில் ஒரு வேலைக்கு இன்டர்வியூ போகக் கிளம்பினான். டிப்ளமோ படித்தவன். என் அறையில்தான் தங்கியிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, பெரிய டயல் வைத்த தங்க நிற வாட்ச், கையில் காப்பு, நெற்றிக்கு மேல் தூக்கிவைத்த கூலிங்கிளாஸ். கண்ணாடி முன்னால் ரொம்ப சந்தோஷமாக நின்றிருந்தான்.

“ஓவரா இருக்குடா. எல்லாத்தையும் கழட்டு” என்றேன்.

ஒரு வார்த்தை பேசாமல் கழற்றினான். காப்பு, வாட்ச், கண்ணாடி ஒவ்வொன்றாக மேசையில் வைத்தான். பிறகு “இப்ப ஓகேவாண்ணா?” என்று கேட்டான். அந்தக் கேள்வி என்னை என்னவோ செய்தது. எங்கள் அப்பாவுக்கு அந்த பஸ் ஸ்டாப்பில் யாரும் எதுவும் சொல்லவில்லை. இவனுக்கு நான் சொன்னேன். அவனுடைய நன்மைக்குத்தான் சொன்னேன். அம்மாவும் என் நன்மைக்குத்தான் சொன்னார். எல்லாரும் நன்மைக்குத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வேலை கிடைத்தது. ஆனால் அன்றிலிருந்து என் எதிரில் அவன் அந்த வாட்சைக் கட்டவே இல்லை.

போன தையில் அவனுக்குக் கல்யாணம், அரூரில் மண்டபம். ரிசப்ஷனுக்கு மெரூன் கோட்டு, மினுமினுக்கும் கறுப்புச் சட்டை, மெரூன் டை. டையில் ஒரு தங்க நிற கிளிப், கல் பதித்தது. டையைவிட அரை இன்ச் நீளம், இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முதல் விதி போச்சு. இரண்டாவது பட்டனுக்கும் மேலே மாட்டியிருந்தான், இரண்டாவது விதியும் போச்சு. பெல்ட் பக்கிள் வெள்ளி, கையில் தங்க நிற வாட்ச், அதே பழைய பெரிய டயல். சட்டைப் பாக்கெட்டில் கூலிங்கிளாஸ் தயாராக இருந்தது, போட்டோகிராபர் கேட்டிருக்கிறார். மண்டபத்தில் ஊர்க்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள், முன்வரிசை நாற்காலிகளில்.

மேடைக்குப் போகும் முன் என்னைப் பார்த்ததும் அவன் கை தானாக வாட்சுக்குப் போனது. பிறகு நின்றான்.

“எப்பிடிண்ணா இருக்கு?”

கிட்டே போய்ப் பார்த்தேன். கிளிப் டையை மட்டும்தான் கவ்வியிருந்தது, சட்டையைக் கவ்வவில்லை. மேடையில் ஃபேன் காற்று பலமாக அடித்தது. கிளிப்பைக் கழற்றி, சட்டையின் பட்டன் பட்டியோடு சேர்த்து, அவன் மாட்டியிருந்த அதே இடத்தில் மறுபடி மாட்டினேன்.

“இப்ப பறக்காதுடா” என்றேன். “கண்ணாடியப் போட்டுக்க, கூப்பிடறாங்க.”